சனி வளைய ஷாம்பு

சுங்குவார்சத்திரத்தில் அந்த மாதம் பூனைக்குத் தட்டுப்பாடு வந்துவிட்டது.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மீன்கடை வாசலில் பூனை இல்லை. லாட்ஜ் மாடிப்படியில் பூனை இல்லை. ஊரிலிருந்த பூனையெல்லாம் ஒரே இடத்தில், ஒரே வரிசையில், காய்கறிக் கூடைக்குள்ளும் ஹெல்மெட்டுக்குள்ளும் கம்பெனி கொடுத்த முதுகுப்பைக்குள்ளும் அடைபட்டுக் கத்திக்கொண்டிருந்தன. சொந்தப் பூனை இல்லாதவர்கள் தெருப்பூனையைத் துரத்திப் பிடித்து வந்திருந்தார்கள். ஒரு புண்ணியவான் பூனை கிடைக்காமல் முயலைத் தூக்கி வந்து, "காது மட்டும்தான் சாமி கொஞ்சம் நீளம், மத்தபடி பூனைதான்" என்று மன்றாடியதை என் கண்ணாலேயே பார்த்தேன்.

வரிசை போய் முடிந்த இடம் மார்ஜால சித்தரின் ஆசிரமம். ஆசிரமம் என்றதும் ஆலமரத்தையும் மான்குட்டியையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். நெடுஞ்சாலை ஓரத்துப் பழைய டயர் கடை அது. சுவரில் 'இங்கு பஞ்சர் ஒட்டப்படும்' என்ற எழுத்து இன்னும் அழியவில்லை. அதற்கு மேலே, 'பூனைக்குக் குளியல், உங்களுக்கு விமோசனம்' என்று புதிதாக ஒரு பிளெக்ஸ் தொங்கியது. இரண்டில் பஞ்சர்க்காரர்தான் யோக்கியர். அவர் ஓட்டையைக் காட்டிவிட்டுத்தான் காசு கேட்பார்.

எல்லாம் ஓர் அரிப்பில் தொடங்கியது. அந்த ஊர் முழுக்கத் தொழிற்சாலைப் பெண்கள் தங்கும் விடுதிகள். விடுதிக்கு ஒரு பூனையாவது இருக்கும். பூனையின் காதோரத்தில் வட்டமாக மயிர் கொட்டியது. அதை மடியில் வைத்துக் கொஞ்சிய பெண்களின் கையிலும் கழுத்திலும் வட்ட வட்டமாகச் சிவந்து அரித்தது. இதற்குப் படர்தாமரை என்று பெயர். மருந்துக்கடையில் கேட்டால் சொல்வார்கள். ஆனால் மருந்துக்கடைக்காரர் காவி கட்டுவதில்லை, அதனால் அவர் சொன்னால் எடுபடுவதில்லை.

சித்தர் சொன்னது எடுபட்டது.

"வானத்தில் வளையம் உள்ள கிரகம் எது, பக்தர்களே?"

"சனி!" என்றது கூட்டம். எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்.

"பூனையின் மேல் இருப்பது என்ன?"

"வளையம்!"

"அப்படியானால் பூனையின் மேல் இறங்கியிருப்பது யார்?"

விஞ்ஞானத்தை இவ்வளவு எளிமையாக யாரும் விளக்கியதில்லை. டிப்ளமோ முடித்தவர்கள், பி.இ. முடித்தவர்கள் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கையில் வளையம் வந்தவருக்குக் கான்ட்ராக்ட் நீட்டிப்பு கிடைக்காது என்று சித்தர் ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னதும், ஊரே பூனை தேடக் கிளம்பிவிட்டது. நரகம், மறுபிறவி எல்லாவற்றையும் இங்கே 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விட்டுவிடுவார்கள். கான்ட்ராக்ட் என்றால் மட்டும் தொடை நடுங்கும். ஆளுக்குத் தக்க பயத்தைக் கண்டுபிடிப்பவன்தான் தேர்ந்த சாமியார்.

பரிகாரம் சனி வளைய ஷாம்பு. அதன் விலை, ஒரு நாள் ஓவர்டைம் பார்த்தால் கிடைக்கும் பணம். சடங்கு இப்படி நடக்கும். கொட்டகையின் மூலையில் கறுப்புத் துணி கட்டி இருட்டாக்கி வைத்திருந்தார்கள். பூனைக் கூடை உள்ளே போகும். கூடையை மூடிய துணியின் ஓரத்தைச் சித்தர் லேசாக விலக்குவார். முழுதாகத் திறக்க மாட்டார், ஏனென்றால் முதல் நாளே ஒரு கடுவன் அவர் மூக்கைப் பதம் பார்த்திருந்தது. விலக்கிய இடத்தில் 'சனி பஸ்மம்' என்ற வெள்ளைப் பொடியைத் தூவுவார். பிறகு 'ஞானக்கண்' என்ற ஒரு டார்ச்சை அடிப்பார். ஊதா வெளிச்சத்தில் பூனையின் மயிரெல்லாம் நீலமும் வெள்ளையுமாக மினுங்கும். பார்த்தவர்களுக்கு மயிர்க்கூச்செறியும். பிறகு சீடர்கள் பூனையை வெளியே தூக்கிவந்து ஷாம்பு போட்டு முக்கி எடுப்பார்கள். மறுபடி இருட்டுக்குள் ஞானக்கண். இப்போது மினுக்கம் இருக்காது.

"சனி இறங்கிட்டார்!" என்று சீடர்கள் கத்துவார்கள். கூட்டம் கைதட்டும்.

எல்லாப் பூனையையும் துடைத்தது ஒரே துண்டு. அதைக் கசக்கினால் அருள் போய்விடுமாம். வளையம் உள்ள பூனையைத் துடைத்த கையோடு வளையம் இல்லாத பூனையையும் அதிலேயே துடைத்தார்கள். அடுத்த வாரம் அதற்கும் வளையம் வந்தது. அதுவும் வரிசையில் வந்து நின்றது. வியாபாரத்தை இப்படிப் பெருக்க எந்தக் கம்பெனிக்கும் தெரியாது.

இந்த வரிசையில்தான் எழிலரசி ஒரு நாள் தன் விடுதிப் பூனையோடு நின்றாள்.

எழிலரசி செய்யாறுப் பக்கத்துப் பெண். ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் சர்க்யூட் போர்டு சோதிக்கும் லைனில் வேலை. பூனையின் பெயர் ஓட்டி. எந்த ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ் வந்தாலும் வாசலில் வந்து உட்கார்ந்திருக்கும் என்பதால் ஓவர்டைம் என்று பெயர் வைத்து, அது சுருங்கி ஓட்டியாகிவிட்டது. சாம்பல் நிறம், பாதி வால். ஊரைவிட்டு வந்து தனியாகக் கிடக்கிறவளுக்கு, வந்துட்டியா என்று கேட்பதுபோல் காலைச் சுற்றுகிற ஓர் உயிர் அது. எழிலரசிக்கு அதன்மேல் உயிர்.

அவளுக்குச் சித்தர்மேல் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் வந்தாள். விடுதி வார்டன் அம்சவல்லி விடவில்லை.

"இன்னாடி, ஒன் பூனையால வூடு பூரா சொறிஞ்சிகினு கீது. சாமிகிட்ட தூக்கினு போறியா, இல்ல நானே தூக்கி கடாசிடவா?"

அறைத்தோழி காந்திமதியும் சேர்ந்துகொண்டாள். அவள் திருநெல்வேலிக்காரி. இரண்டு முழங்கையிலும் வளையம். கான்ட்ராக்ட் முடிய இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது.

"ஒருக்க போயிட்டு வந்திருவோம்ட்டி. எனக்கு வேல போயிட்டுன்னா எங்கம்மைட்ட என்ன சொல்லுவேன்?"

முதல் குளியல் நடந்தது. சனி இறங்கினார். ஆனால் ஓட்டியின் காதோரத்து வட்டம் கழுத்துவரை இறங்கியது. இரண்டாவது குளியல். வட்டம் முன்னங்காலுக்கு வந்தது. மூன்றாவது குளியலுக்குப் பிறகு விடுதியில் வார்டனையும் சேர்த்து ஆறேழு பேர் சொறிந்துகொண்டிருந்தார்கள். சனி எங்கே இறங்கினார் என்பது எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியதும் சித்தர் கண்ணை மூடினார். சாமியார் கண்ணை மூடினால் யாருக்கோ கேடு என்று அர்த்தம்.

"இது சாதாரணப் பூனை அல்ல. சனி பகவான் இதையே தன் வாகனமாக்கிக்கொண்டார்."

"சனிக்கு வாகனம் காக்கா இல்ல சாமி?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"காகம் இப்போது ஓய்வில் இருக்கிறது" என்றார் சித்தர், கண்ணைத் திறக்காமலே. "வரும் சனிக்கிழமை இந்தப் பூனையைச் சாக்கில் கட்டிச் செம்பரம்பாக்கம் ஏரியில் விட்டால், இந்த வட்டாரத்துக்கே விடுதலை."

சென்னையே குடிக்கிற தண்ணீரில் சொறிபிடித்த பூனையைச் சாக்கோடு போடுவது யாருக்கு விடுதலை என்று ஒருவரும் கேட்கவில்லை. கைதான் தட்டினார்கள். எழிலரசி ஓட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அழுகை வந்தது. அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது.

மறுநாள் வார விடுமுறை. ஓட்டியை முதுகுப்பையில் வைத்துக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஏறினாள். கால்நடை மருந்தகத்தில் டாக்டர் கார்முகில் இருந்தார். இளம் வயது. பூனையைப் பார்த்ததும் கையுறை மாட்டிக்கொண்டார். ஜன்னலைச் சாத்தி, ஒரு ஊதா விளக்கைக் காட்டினார். எழிலரசிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இன்னா டாக்டர், நீங்களும் ஞானக்கண் வெச்சிருக்கீங்க?"

"ஞானக்கண்ணா? இது வெறும் லைட்டும்மா. இங்க பாரு, வட்டத்தோட ஓரத்துல மயிரு ஒண்ணொண்ணும் பச்சையா தெரியுதா? அதான் பூஞ்சை. எல்லா வகையும் இப்படித் தெரியாது. இது தெரியற வகை."

"ஆனா சாமிகிட்ட நீலமா தெரிஞ்சுதே. உடம்பு பூரா, பவுடர் பூசின மாதிரி..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டாள். அந்த நீலத்தை அவள் தினமும் பார்க்கிறாள். போர்டின்மேல் பூசிய பூச்சு சரியாகப் படிந்திருக்கிறதா என்று பார்க்க லைனில் இதே ஊதா விளக்குதான் எரியும். அதன் கீழே கையை நீட்டினால் சோப்புத்தூள் போட்டுத் துவைத்த யூனிபார்ம் கைமுனை நீலவெள்ளையாக மினுங்கும். எல்லோருடைய கைமுனையும் மினுங்கும். வரிசையில் நிற்கிற பாதிப்பேர் எட்டு மணி நேரம் அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து எழுந்தவர்கள். கம்பெனிக்குள் அதை விளக்கு என்கிறார்கள். கேட்டுக்கு வெளியே வந்ததும் அதுவே ஞானக்கண்ணாகிவிடுகிறது.

"சோப்புத்தூள தூவி காட்டிட்டு, கழுவி மறைக்கிறான் டாக்டர்!"

டாக்டர் சிரித்தார். "பூஞ்சைய கொல்ற மருந்து கலந்த ஷாம்பு நெஜமாவே இருக்கு. நுரையோட பத்து நிமிஷம் ஊற விடணும், வாரத்துக்கு ரெண்டு தடவை, பல வாரம் போடணும். கூடவே மாத்திரை. படுக்கை, துண்டு எல்லாம் சுத்தம் பண்ணணும். உங்க விடுதிப் பொண்ணுங்க கைக்கு தோல் டாக்டர பாக்கணும். ஒரே குளியல்ல போகாது."

"சில பூனைக்கு சாமி ஷாம்புல சரியாயிடுச்சே?"

"தெம்பான பூனைக்கு சில மாசத்துல தானாவே சரியாகும். சாமி பேர தட்டிகிட்டு போயிடுவாரு. அதனாலதான் ஒரு ஷாம்பு நல்லதான்னு பாக்கணும்னா, பாதி பூனைக்கு மருந்து ஷாம்பு, பாதிக்கு மருந்தில்லாத ஷாம்பு. அப்புறம் ரெண்டோட மயிரையும் எடுத்து பூஞ்சை வளருதான்னு பாப்பாங்க. மருந்து போடாததையும் பக்கத்துல வெச்சு பாக்காட்டி அது சோதனையே இல்ல."

எழிலரசிக்கு இது புதிதாகத் தோன்றவில்லை. அவள் லைனில் ஷிப்டு தொடங்கும்போது முதல் வேலை, டெஸ்டர் மெஷினையே சோதிப்பது. நல்லது என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரு போர்டும், பழுது என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரு போர்டும் அதற்கென்றே வைத்திருப்பார்கள். மாஸ்டர் பீஸ் என்று பெயர். நல்லதை மெஷின் 'ஓகே' என்று சொல்ல வேண்டும், பழுதை 'என்ஜி', அதாவது நாட் குட், என்று சொல்ல வேண்டும். மாற்றிச் சொன்னால் லைன் நின்றுவிடும்.

இந்த வட்டாரத்தில் மாஸ்டர் பீஸ் போடாமல் ஒரு மெஷினும் ஓடாது. சித்தர் மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கியபோது வாசலில் ஓட்டி இல்லை. எழிலரசி நேராக வார்டனிடம் ஓடினாள்.

"சாமி ஆளுங்க வந்தாங்க. குட்த்துட்டேன்" என்றாள் அம்சவல்லி, கழுத்தைச் சொறிந்தபடி. "மொறைக்காத. புடிக்கலன்னா ரூம காலி பண்ணிகினு போய்கினே இரு."

எழிலரசி அறையைக் காலி செய்யவில்லை. மறுநாள் காலை கடைக்குப் போய் நல்ல முற்றிய தேங்காயாகப் பார்த்து, நாரைக் கொஞ்சம் அதிகமாக விட்டு உரித்துத் தரச் சொல்லி வாங்கிவந்தாள். அதைக் கூடையில் வைத்து, ஓட்டியின் பழைய துணியால் மூடினாள்.

சனிக்கிழமை ஆசிரமத்தில் எள் போட்டால் எண்ணெய்தான் எடுக்கலாம். இரண்டு ஷிப்டு ஆட்களும் வந்திருந்தார்கள். கூட்டத்தை ஒழுங்குபடுத்தியவர் எழிலரசியின் சூப்பர்வைசர் ராஜசேகர். தரையில் மஞ்சள் டேப் ஒட்டி, 'பூனை உள்ளே', 'பூனை வெளியே' என்று அம்புக்குறி போட்டிருந்தார். ஒரு திருகாணி அரை முடி நகர்ந்தாலும் லைனில் பத்துப் பேரை வறுத்தெடுக்கிற மனிதர். இங்கே சித்தருக்கு விசிறி வீசிக்கொண்டிருந்தார். சித்தர் வெயில் கொளுத்துகிற மத்தியானத்திலும் கழுத்தைச் சுற்றிச் சால்வை போர்த்திக்கொண்டு, அதற்குள் கையை விட்டு அடிக்கடி எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

ஓரத்தில் ஒரு கம்பிக்கூண்டு. உள்ளே ஓட்டி. பக்கத்தில் ஒரு சாக்கு, ஒரு கயிறு. எழிலரசியைப் பார்த்ததும் ஓட்டி கம்பியில் முகத்தை அழுத்திக் கத்தியது. அவள் அந்தப் பக்கம் பார்க்காமல் வரிசையில் நின்றாள். பார்த்திருந்தால் உடைந்திருப்பாள்.

முறை வந்தது.

"சாமி, ஓட்டிய ஏரிக்கு அனுப்பறதுக்கு முன்ன இந்த ஒண்ண பாத்துடுங்க. இதுக்கும் சனி இருக்கான்னு சந்தேகமா கீது. எல்லாரும் பாக்கட்டும், துணிய கொஞ்சம் தெறந்து வெச்சிக்கலாமா?"

தன் புகழ் பரவுவதைச் சித்தர் என்றுமே தடுத்ததில்லை. கறுப்புத் துணி விலகியது. கூட்டம் எட்டிப் பார்த்தது. சித்தர் கூடையைத் தூக்கிக் காதருகே வைத்து லேசாகக் குலுக்கினார்.

"சத்தமே இல்லையே?"

"அதான் சாமி பயமா கீது."

"சனி வாயைக் கட்டியிருக்கிறார்." ஓரத்தை விலக்கினார். பஸ்மம் தூவினார். டார்ச் அடித்தார். உள்ளே நாரெல்லாம் நீலமாக மினுங்கியது. கூட்டம் 'ஹா' என்றது. "கடுமையான தோஷம். ஏழரைச் சனி. பெண் பூனை. வயிற்றில் ஏதோ தளும்புகிறது... ம், கர்ப்பமாக இருக்கிறது. மூன்று குளியல் போட வேண்டும்."

எழிலரசி துணியை உருவினாள்.

முன்வரிசை கழுத்தை நீட்டியது.

"தேங்காயில்லா இது!" என்றாள் காந்திமதி.

அங்கேயே முடிந்திருக்க வேண்டும். முடியும் என்றுதான் நானும் நினைத்தேன். நம் மக்களை நான் இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை.

"பூனைய தேங்காயாக்கிட்டாருடா சாமி!" என்று எவனோ ஒருவன் அலறினான். தடாலென்று ஒருவர் தரையில் விழுந்து கும்பிட்டார். அம்சவல்லி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். முயலோடு வந்தவர் முயலைப் பயத்தோடு பார்த்துக்கொண்டார். சித்தர் ஒரு நொடி விழித்தார். அடுத்த நொடியே இரண்டு கையையும் உயர்த்தி, "ஆம்! ஆக்கினோம்!" என்றார்.

ஒரு சீடன் சாக்கை எடுத்துக்கொண்டு கூண்டுப் பக்கம் நகர்ந்தான்.

தேங்காய் தோற்றுவிட்டது. எழிலரசி சுற்றிப் பார்த்தாள். ராஜசேகர் கண்ணில் பட்டார்.

"சார்! காலைல ஷிப்டு ஸ்டார்ட்ல மொதல்ல இன்னா பண்ணுவோம்?"

"மாஸ்டர் பீஸ் செக்" என்றார் ராஜசேகர். கேட்டவுடன் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"ஓகே பீஸ் போட்டா மெஷின் என்ஜின்னு சொல்லுது. இன்னா பண்ணுவீங்க?"

"லைன் ஸ்டாப்!"

அவர் வலது கை தானாகவே மேலே போய்விட்டது. அந்தக் குரலுக்கு வருஷக்கணக்காகப் பழகிய கூட்டம் அப்படியே நின்றது. விழுந்து கும்பிட்டவர் படுத்தபடியே நின்றார். சாக்கு வைத்திருந்த சீடனும் ஒரு காலத்தில் லைனில் இருந்தவன் போலிருக்கிறது, எடுத்த காலைக் கீழே வைக்கவில்லை.

"தேங்கா ஓகே பீஸ் சார். அதுக்கு சனியும் இல்ல, சொறியும் இல்ல. இவரு என்ஜின்னு சொல்ட்டாரு. இப்ப என்ஜி பீஸ் போடலாமா?"

ராஜசேகர் விசிறியைக் கீழே வைத்தார். பக்தர் போய் சூப்பர்வைசர் வந்துவிட்டார். "போடு."

எழிலரசி கூண்டைத் திறந்து ஓட்டியைத் தூக்கினாள். அது அவள் தோளில் நகத்தைப் பதித்து ஒட்டிக்கொண்டது. "சாமி, இது மூணு வாட்டி உங்க ஷாம்புல குளிச்ச பூனை. மூணு வாட்டியும் சனி எறங்கிட்டாருன்னு சொன்னீங்க. பஸ்மம் தூவாம வெறும் லைட்ட அடிங்க."

"பஸ்மம் இல்லாமல் சனி தெரிய மாட்டார்!"

"போர்டுக்கு பூசற பூச்சு சோப்புத்தூள் போட்டாத்தான் தெரியுமா சார்?" என்று எழிலரசி ராஜசேகரைப் பார்த்தாள்.

சோப்புத்தூள் என்றதும் கோட்டிங் லைன் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எத்தனை பேர் தங்கள் கைமுனையைக் குனிந்து பார்த்தார்கள் தெரியுமா! ராஜசேகர் டார்ச்சைச் சித்தர் கையிலிருந்து வாங்கினார். திருப்பிப் பார்த்தவர் முகம் சிவந்தது. அடியில் ஒரு ஸ்டிக்கர் பாதி சுரண்டிய நிலையில் இருந்தது. ஏதோ ஒரு கம்பெனியின் சோதனைக் கருவி ஸ்டிக்கர், கருவியை மறுபடி சரிபார்க்க வேண்டிய தேதியோடு.

"கேலிபரேஷன் டேட் முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சு!" என்று கத்தினார். "முடிஞ்ச டார்ச்ச வெச்சா எங்கள செக் பண்ண?"

மோசடியைக்கூடப் பொறுத்திருப்பார் மனிதர். இதைப் பொறுக்க முடியவில்லை.

கறுப்புத் துணியின் இருட்டுக்குள் டார்ச்சை ஓட்டியின்மேல் அடித்தார். நீலம் இல்லை. வட்டத்தின் ஓரத்தில் மட்டும் பச்சைப் பச்சையாக மயிர் தெரிந்தது. மூன்று குளியலுக்குப் பிறகும் நோய் போகவில்லை.

"நல்லத என்ஜிங்கறாரு. நோய எறங்கிட்டுதுங்கறாரு" என்றாள் எழிலரசி. "சார், அந்த லைட்ட கொஞ்சம் சாமி பக்கம் திருப்புங்க."

திருப்பினார்.

சித்தர் ஜொலித்தார். விரல் ஜொலித்தது. தாடி ஜொலித்தது. நாள் தவறாமல் தூவிய பஸ்மம் மூக்குத்துளை வரை ஜொலித்தது. சனி பகவான் ஒரு மனிதன்மேல் இவ்வளவு தாராளமாக இறங்கியதை ஜோசியர்கள்கூடக் கண்டிருக்க மாட்டார்கள்.

"சாமிக்கில்லா ஏழர!" என்றாள் காந்திமதி. முதல் சிரிப்பு அவளிடமிருந்துதான் வந்தது. அதற்குப் பிறகு அடக்க ஆளில்லை.

பதற்றத்தில் சித்தரின் கை மறுபடி சால்வைக்குள் போயிற்று. அரிப்பு சமயம் பார்க்காது. எழிலரசி சால்வையின் நுனியைப் பிடித்தாள். அவர் எழுந்தார், சால்வை எழவில்லை. கழுத்தில், ருத்திராட்சத்துக்கு இடையிடையே, சிவந்த வட்டங்கள் மாலை போட்டிருந்தன.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க சாமி. நீங்க அந்த ஷாம்புல குளிச்சீங்களா, இல்லியா?"

குளித்தேன் என்றால் ஷாம்பு பொய். குளிக்கவில்லை என்றால் சாமி பொய். சித்தர் இரண்டையும் யோசித்துப் பார்த்தார். பிறகு தேவபாஷையைக் கைவிட்டார்.

"இன்னாம்மா நீ! ஒருத்தன் பொழப்புல மண்ணள்ளி போட்றியே! மருந்துக்கடை களிம்பு பூசிகினுதாம்மா கீறேன், அதுவே இன்னும் போவல!"

சித்தரின் சொந்தப் பெயர் பலராமன் என்பதும், அவரும் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் இருந்து நீட்டிப்பு கிடைக்காமல் வெளியே வந்தவர் என்பதும், வரும்போது டார்ச்சையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார் என்பதும் போலீஸ் வருவதற்குள் தெரிந்துவிட்டது. வேலை போன வேதனை எனக்கும் புரிகிறது. ஆனால் தன்னைக் கடித்த பயத்தையே ஷாம்பு பாட்டிலில் அடைத்து, தன்னைப்போன்றவர்களிடமே விற்றான் பாருங்கள், அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஷாம்பு என்ன தெரியுமா? கடையில் சரமாகத் தொங்குமே, அந்தச் சின்னப் பாக்கெட்டைப் பிரித்து ஊற்றிப் பன்னீர் கலந்தது. கொட்டகைக்குப் பின்னால் காலிப் பாக்கெட் குவியலாகக் கிடந்தது.

ஓட்டி ஏரிக்குப் போகவில்லை. டாக்டர் கார்முகில் எழுதிக் கொடுத்த ஷாம்புவை, கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம் ஊறவிட்டு, வாரம் இரண்டு முறை எழிலரசியும் காந்திமதியும் கீறல் வாங்கிக்கொண்டே குளிப்பாட்டினார்கள். மாத்திரையும் கொடுத்தார்கள். டாக்டர் மயிரை எடுத்துப் பரிசோதித்து, பூஞ்சை வளரவில்லை என்று இரண்டு முறை பார்த்த பிறகுதான் 'சரியாயிடுச்சு' என்றார். காந்திமதியின் கை தோல் டாக்டரின் களிம்பில் ஆறியது. கான்ட்ராக்டும் நீட்டிப்பானது. கையில் வளையம் இருந்ததா என்று கம்பெனியில் யாரும் கேட்கவே இல்லை.

நியாயமாகக் கதை இங்கே முடிய வேண்டும். ஆனால் தேங்காய் பாக்கி இருக்கிறது.

சித்தர் பிடிபட்ட மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை எழிலரசி குளித்துவிட்டு வந்தால், விடுதி வாசலில் கூட்டம். ஒரு ஸ்டூலின்மேல் அந்தத் தேங்காய். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, பூ சுற்றி, முன்னால் கற்பூரம் ஏற்றியிருந்தாள் அம்சவல்லி.

"இன்னா வார்டனம்மா இது?"

"போலிச் சாமியவே காட்டிக் குட்த்த தேங்காடி! எம்மாம் சக்தி இருக்கணும்! தொட்டு கும்பிடு. பக்கத்து ஹாஸ்டல்காரங்ககூட வந்துகினு கீறாங்க."

எழிலரசி தொட்டாள். இரண்டு கையாலும் எடுத்தாள். குழாயடியில் பஸ்மமும் மஞ்சளும் போகக் கழுவி, நேராகச் சமையலறைக்குப் போய் அரிவாள்மணையின் பின்புறத்தால் ஒரே போடு போட்டாள். அன்று விடுதியில் இட்லிக்குத் தேங்காய்ச் சட்னி. அம்சவல்லி மூன்று முறை வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

தேங்காயைச் சட்னியாக்கிவிடலாம். மண்டைக்குள் கெட்டித்துப்போனதை என்ன செய்வது? லைனில் மெஷின் தப்பாகச் சொன்னால் சிவப்பு விளக்கை எரிய விடுகிறோம். சாமியார் தப்பாகச் சொன்னால் கற்பூரத்தை எரிய விடுகிறோம். காலையில் மெஷினுக்குப் போடுகிற மாஸ்டர் பீஸைச் சாயங்காலம் சாமியாருக்கும் ஒருமுறை போட்டுப் பாருங்கள் ஐயா. அதற்குத் தேங்காய் தேவையில்லை, தலை போதும்.